என்ட்ரன்ஸ் வாசல்

எங்கள் சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மனிதக் குரல் காதில் விழும். எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு மேல் தறிகள் நிற்கும். நின்றதும் எதிர்வீட்டு மாடிப்படியிலிருந்து ஒரு பெண் பாடம் ஒப்பிக்கும் குரல் எழும். ஒரு பெயர், ஒரு வருஷம். இன்னொரு பெயர், இன்னொரு வருஷம். சகஸ்ரநாமம் சொல்வதுபோல் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவாள்.

அவள் தகப்பனார் நான்கு தறி போட்டிருக்கிறார். பெண் ஆங்கிலம் எடுத்து பி.ஏ. முடித்துவிட்டாள். வடக்கே ஏதேனும் ஒரு மத்திய சர்வகலாசாலையில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு நுழைவுத் தேர்வு ஒன்று இருக்கிறது. 2022ஆம் ஆண்டு முதல் பல மத்திய சர்வகலாசாலைகளுக்கும் பொதுவாக நடக்கும் தேர்வு. கணினியின் முன்னால் உட்கார வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் திரையில் வரும். சரியானதைத் தொட்டால் 4 மார்க். தவறானதைத் தொட்டால் கையில் இருப்பதில் ஒரு மார்க் போய்விடும்.

ஒருநாள் இரவு புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டாள்.

"மாமா, நீங்க கதையெல்லாம் எழுதுதீங்கள்லா. ஒரு சந்தேகம் கேக்கட்டுமா?"

"கேளு தாயி. ஆனா நான் காலேஜ்ல ரெண்டு வருசம்தான் இருந்தேன். அதை மனசுல வச்சுக்கிட்டுக் கேளு."

புத்தகத்தைப் புரட்டினேன். இன்ன நாவலை எழுதியவர் யார்? இன்ன கவி இறந்த ஆண்டு எது? இன்ன நாடகம் முதலில் அச்சேறியது எப்போது? பக்கம் பக்கமாக இதுதான். என்னால் பத்துக்கு மூன்று சொல்ல முடிந்தது. அவள் பத்துக்கு ஒன்பது சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

"இந்தக் கவி எந்த வருசம் செத்தாருன்னு தெரியும் மாமா. ஆனா அவரு பாட்டு ஒண்ணுகூட முழுசாப் படிச்சதில்ல. படிக்க நேரம் எங்க இருக்கு?" சற்று நிறுத்தி, "இப்படி ஒரு பரீட்சைய யாரு மாமா முதல்ல ஆரம்பிச்சது?" என்று கேட்டாள்.

அவள் சலிப்பில் கேட்ட கேள்விதான் அது. எனக்கோ அது இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுத்தது. ஏனென்றால் அதே வாசலில் நின்று திரும்பி வந்தவன் நான். அவள் கேட்ட கேள்விக்கு விடை தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

சர்வகலாசாலைக்குள் நுழைய ஆங்கிலத்தில் ஒரு பரீட்சை என்ற ஏற்பாடு நம் நாட்டில் 1857இல் பிறந்தது. சிப்பாய்கள் கலகம் செய்த அதே வருஷம். ஜனவரியில் கல்கத்தா, ஜூலையில் பம்பாய், செப்டம்பர் 5ஆம் தேதி சென்னை என்று மூன்று சர்வகலாசாலைகளுக்கும் ஒரே ஆண்டில் சட்டம் வந்தது. வடக்கே பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்தபோது, இங்கே வினாத்தாள் தயாராகிக்கொண்டிருந்தது. ராஜ்யத்தைப் பீரங்கி எவ்வளவு காப்பாற்றியது, வினாத்தாள் எவ்வளவு காப்பாற்றியது என்று கணக்குப் பார்த்தால் வினாத்தாளின் பங்கு சிறியதாக இராது.

ஆனால் இதை வெள்ளைக்காரன் நம் தலையில் சுமத்தினான் என்று மட்டும் சொல்லிவிட்டால் சரித்திரம் பாதிதான் ஆகும். 1835இல் மெக்காலே தமது குறிப்பை எழுதி, ஆங்கிலக் கல்விக்கே அரசாங்கப் பணம் என்று வாதித்தார் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1839இல் சென்னையில் நடந்தது அவ்வளவாகத் தெரியாது. எழுபதினாயிரம் பேர் கையெழுத்திட்ட ஒரு விண்ணப்பம் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் போயிற்று. எங்களுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும், உயர்கல்வி வேண்டும் என்பதே அதன் சாரம். கேட்டவர்கள் நம்மவர்கள். 1841இல் சென்னையில் அரசாங்கத்தின் உயர்தரப் பள்ளி வந்தது. அதுவே வளர்ந்து 1855இல் பிரஸிடென்ஸி காலேஜ் ஆயிற்று.

ஏன் கேட்டார்கள்? மில்டனின் காவியத்தில் மனத்தைப் பறிகொடுத்தா? இல்லை. அரசாங்க உத்தியோகம் ஆங்கிலம் அறிந்தவனுக்குத்தான் என்ற நிலை வந்துகொண்டிருந்தது. 1844இல் ஹார்டிஞ்ச் பிரபு அதை வெளிப்படையான தீர்மானமாகவே ஆக்கிவிட்டார். ஆங்கிலம் கற்றவனுக்கு உத்தியோகத்தில் முதலிடம். வயிறு இருக்கிற மனிதன் அந்தச் செய்தியைக் கேட்டுச் சும்மா இருப்பானா? வயலை விற்றான், மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தான், பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்பினான்.

புதிய சர்வகலாசாலைகளுக்கு லண்டன் சர்வகலாசாலையே மாதிரி. அந்தக் காலத்து லண்டன் சர்வகலாசாலை பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. பரீட்சை மட்டும் நடத்தியது. சென்னையும் அப்படியே. முதல் அரை நூற்றாண்டுக் காலம் அது பரீட்சை வைக்கும் சபையாகத்தான் இருந்தது. நுழைவாசலில் நின்றது மெட்ரிகுலேஷன். கல்கத்தாவில் அதையே 'என்ட்ரன்ஸ்' என்றார்கள். மெட்ரிகுலேஷன் என்ற சொல்லின் மூலம் லத்தீன். பெயர்ப் பதிவேடு என்பது அதன் பொருள். பேரேட்டில் பெயர் ஏறினால் நீ உள்ளே, ஏறாவிட்டால் தெருவில். சென்னையில் முதலாண்டு அந்தப் பரீட்சைக்கு வந்தவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கில இலக்கியத்தை நாம் பரீட்சைப் பாடமாக எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இங்கிலாந்தின் பழம்பெரும் சர்வகலாசாலைகளில் அது தனிப் பாடமாகவே இல்லை. அங்கே கிரேக்கமும் லத்தீனுமே பெரிய படிப்பு. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று ஹானர்ஸ் படிப்பு வந்தது 1894இல், கேம்பிரிட்ஜில் 1917இல். தாய்மொழியை வீட்டிலேயே படித்துக்கொள்ளலாமே, அதற்கு எதற்குப் பரீட்சை என்று அவர்கள் நினைத்தார்கள். நாமோ அதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாக ஷேக்ஸ்பியருக்கு அருஞ்சொற்பொருள் எழுதித் தேறியும் தோற்றும் வந்திருக்கிறோம். எதிர்வீட்டுப் பெண் பாடம் ஒப்பிக்கும் குரல் அவ்வளவு பழமையானது.

குரல் பழமையானது, குறுக்கு வழியும் பழமையானதுதான். 'கீ' என்றும் 'நோட்ஸ்' என்றும் கடைத்தெருவில் விற்ற புத்தகங்களை உருப்போட்டு, மூல நூலைத் தொடாமலே தேறிவிடும் வித்தை சீக்கிரமே வளர்ந்துவிட்டது. 1902இல் கர்ஸான் பிரபு நியமித்த சர்வகலாசாலைக் கமிஷன் இதைப் பார்த்துத் திகைத்தது. நுழைவுப் பரீட்சைக்கு ஆங்கிலப் பாடநூல் என்று எதையுமே குறிக்க வேண்டாம், மொழி தெரிகிறதா என்று மட்டும் சோதித்தால் போதும் என்று அது யோசனை சொல்லிற்று. நூற்றிருபது வருஷம் கழித்தும் கைடு புத்தகம் போகவில்லை. பரீட்சையின் உருவம் மாறினால் கைடின் உருவமும் கூடவே மாறிக்கொள்கிறது.

இந்த வாசலுக்கு நம் தமிழர்கள் எப்படி வந்தார்கள், எப்படிப் போனார்கள்? நான்கு பேரை நினைத்துப் பார்க்கிறேன்.

முதலாமவர் வாசலைத் தாண்டி முதல் வரிசையில் உட்கார்ந்தவர். யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823இல் தொடங்கிய செமினரியில் படித்தவர். சென்னை சர்வகலாசாலையின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர். ஒருவர் இவர்; மற்றவர் விசுவநாத பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்தார். ஆங்கிலப் பட்டம் வாங்கிய தாமோதரம் பிள்ளை, உத்தியோகம் பார்த்து ஓய்வெடுத்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். அவரோ செல்லரித்த ஏடுகளைத் தேடிப் புறப்பட்டார். 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று ஒவ்வொன்றாக அச்சேற்றினார். ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்பவர்களுக்கு அவர் வாழ்க்கையே பதில்.

இரண்டாமவர் நம் பக்கத்து ஊர்க்காரர். சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே போய்க் கோவில்பட்டியைத் தாண்டினால் எட்டயபுரம். அங்கே 1882இல் பிறந்த சுப்பிரமணிய பாரதியைத் தகப்பனார் சின்னசாமி ஐயர் திருநெல்வேலி ஹிந்து காலேஜ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பிள்ளை ஆங்கிலமும் கணக்கும் படித்துப் பெரிய ஆளாக வர வேண்டும் என்பது தகப்பனாரின் கனவு. 1894 முதல் 1897 வரை அங்கே படித்த பையனுக்குப் பாடத்தில் மனம் ஒட்டவில்லை. மெட்ரிகுலேஷன் வாசலைத் தாண்டாமலே திரும்பிவிட்டான். தகப்பனார் 1898இல் காலமானார். பிறகு காசியிலிருந்த அத்தை வீட்டுக்குப் போய், அங்கே அலகாபாத் சர்வகலாசாலையின் என்ட்ரன்ஸ் பரீட்சை எழுதித் தேறினான்.

தம்முடைய சுயசரிதைப் பாட்டில் பாரதியார் இந்தப் படிப்பைச் சபித்திருக்கிறார். தந்தைக்கு ஆயிரம் ரூபாய் செலவு, தமக்கு ஆயிரமாயிரம் தீமை, எள்ளளவும் நன்மை இல்லை என்று வரவு செலவுக் கணக்கே எழுதிவிட்டார். வருஷக்கணக்காகக் கணிதம் படித்தவனுக்கு வானத்து மீன் ஒன்றின் இருப்பிடம் தெரியாது என்று அவர் கேலி செய்கிறார். ஆனால் இதே பாரதியார்தாம் 'ஷெல்லிதாசன்' என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டவர். எட்டயபுரத்தில் ஷெல்லியின் பேரால் ஒரு சங்கம் கூட்டி நண்பர்களுக்கு அந்தக் கவிதைகளைப் படித்துக் காட்டியவர். 1904இல் சுதேசமித்திரனில் அவருக்குச் சோறு போட்டதும், ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கத் தெரிந்த அந்தத் திறமைதான். அப்படியானால் அவர் வெறுத்தது எதை? ஆங்கிலத்தையா? இல்லை. அதை உருப்போட வைத்த முறையைத்தான்.

மூன்றாமவரைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு கனக்கிறது. கும்பகோணத்து ராமானுஜன் 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். மறுவருஷம் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறொன்றிலும் கண் போகவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தோற்றார். உபகாரச் சம்பளம் போயிற்று. 1905இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. 1907இல் மறுபடியும் எப்.ஏ. பரீட்சை, மறுபடியும் தோல்வி. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தமக்குச் சர்வகலாசாலைப் படிப்பு இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

ஹார்டியின் பதில் வந்த பிறகு சென்னை சர்வகலாசாலையில் பேச்சு எழுந்தது. அவருக்கு ஆராய்ச்சிச் சம்பளம் கொடுக்கலாமா? விதிப்படி எம்.ஏ. தேறியவர்க்கே அந்தச் சம்பளம். இவரோ எப்.ஏ.கூடத் தேறாதவர். சிலர் தயங்கினார்கள். சர்வகலாசாலைச் சட்டத்தின் முகவுரையே ஆராய்ச்சியை வளர்ப்பது நம் கடமை என்கிறதே என்று ஒரு பெரியவர் எடுத்துக்காட்டினாராம். வாதம் ஜெயித்தது. 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய். 1914 மார்ச்சில் கப்பல். 1918இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினர். வாசலில் இரண்டு முறை தள்ளப்பட்டவரை வீட்டுக்காரரே வந்து கைப்பிடித்து அழைத்துப்போன கதை இது.

நான்காமவர் வாசல் பக்கமே போகாதவர். உ. வே. சாமிநாதையர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தவரல்லர். எந்தச் சர்வகலாசாலைப் பரீட்சையும் எழுதியவரல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதே அவருடைய பட்டம். 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் பி.ஏ. மாணவர்களுக்கு அவர் தமிழ் சொல்லிக் கொடுத்தார். ராமானுஜன் அங்கே சேர்ந்தது 1904இல். ஒரே வருஷத்தில் இருவரும் ஒருவரையொருவர் தவறவிட்டார்கள். சென்னை சர்வகலாசாலை 1932இல் ஐயரவர்களுக்கு டாக்டர் பட்டம் அளித்தது. நுழைவுப் பரீட்சையே எழுதாதவருக்கு அந்த வீட்டின் மிக உயர்ந்த மரியாதை.

இந்த நான்கு கதைகளையும் சொல்லிவிட்டு, "ஆகவே பரீட்சை ஒன்றும் பெரிதல்ல, தேறினால் என்ன, தோற்றால் என்ன!" என்று முடித்துவிடலாம். கேட்பவர்களுக்கும் இனிக்கும். ஆனால் அப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் ஆங்கிலத் தாளில் தோற்றேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமல்ல. தமிழ்வழியில் படித்துவிட்டுப் போன எனக்கு வகுப்பில் சொன்னதில் பாதி விளங்கவில்லை. எழுந்து கேட்க வெட்கம். கேட்ட ஒருவனைப் பார்த்து வகுப்பே சிரித்ததைக் கண்டிருக்கிறேன். பெயில் ஆன பட்டியலைப் பார்த்துவிட்டு நின்றபோது, நல்ல மனம் படைத்த ஆசிரியர் ஒருவர் தோளில் கை வைத்து, "ராமானுஜனே இங்கிலீஷில் தோத்தவர்தானேப்பா" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டே ஊருக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் மறுபடி பணம் கட்ட வழியில்லை. படிப்பு அதோடு நின்றது.

என்னோடு அந்தப் பட்டியலில் இருந்த இன்னொருவன் என்னைவிடக் கெட்டிக்காரன். அவனிடமும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார். அவன் திருப்பூருக்குப் போனான். பனியன் கம்பெனியில் வேலை. கணக்கில் அவனுக்கிருந்த கூர்மையை அங்கே யார் கண்டார்கள்? ஒரு ஹார்டியும் அவனுக்குக் கடிதம் எழுதவில்லை. தோற்றவர்களில் ராமானுஜன் ஒருவர். அவர் பெயர் நமக்குத் தெரியும். மற்றவர்கள் ஆயிரமாயிரம் பேர், பெயரே தெரியாது. முன் காலத்தில் "மெட்ரிக் பெயில்" என்பதையே ஒரு படிப்பைப் போலச் சொல்லிக்கொண்டு வேலைக்கு அலைந்தார்களே, அவர்களுடைய கதையை யார் எழுதினார்கள்? ஜெயித்த ஒருவரைக் காட்டித் தோற்ற ஆயிரம் பேரைச் சமாதானம் செய்வது ஆறுதல்தான், நியாயமாகாது.

இன்னொன்றும் உண்டு. ராமானுஜனின் கதவு தானாகத் திறக்கவில்லை. துறைமுக ஆபீஸில் நாராயண ஐயர் இருந்தார். மேலே ஸர் பிரான்சிஸ் ஸ்ப்ரிங் இருந்தார். அவருடைய கணக்கை நாலு பேருக்கு எடுத்துச் சொல்லும் ஆங்கிலம் அவர்களிடம் இருந்தது. தனக்கு ஆங்கிலம் வராதவனுக்கு, ஆங்கிலம் வந்த நல்லவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. தறிக்காரர் வீட்டில் அப்படி யார் இருக்கிறார்கள்?

மெட்ரிகுலேஷன் போய் 1910ஐ ஒட்டிப் பள்ளியிறுதித் தேர்வு வந்தது. எப்.ஏ. போய் இண்டர்மீடியட் வந்தது. 1950களில் அதுவும் போய்ப் பி.யு.சி. வந்தது. 1978இல் அதுவும் போய்ப் பிளஸ் டூ ஆயிற்று. இப்போது கணினித் திரை. வாசலுக்குப் புதிது புதிதாக வர்ணம் அடிக்கிறார்கள். வாசல் அங்கேயேதான் இருக்கிறது. ஆகவே அந்தப் பெண்ணிடம் "வாசலே வேண்டாம்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. "வாசல்தான் வீடு" என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

எங்கள் ஊர்க் கோயில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சங்கன் என்றும் பதுமன் என்றும் இரண்டு நாகர்கள். ஒருவனுக்குச் சிவன் பெரிது. மற்றவனுக்குத் திருமால் பெரிது. வழக்கு தீரவில்லை. கோமதியம்மன் தவம் இருந்தாள். அவளுக்காக இறைவன் ஒரே உருவத்தில் பாதி ஹரனாகவும் பாதி ஹரியாகவும் வந்து நின்றான். ஆடித் தபசு அன்று அந்தக் காட்சிக்குத்தான் ஊரே திரளுகிறது. தமிழா ஆங்கிலமா என்று வழக்காடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாகர்கள் நினைவுதான் வரும். தாமோதரம் பிள்ளையிடம் இரண்டும் ஒரே உடம்பில் நின்றன. பாரதியாரிடமும் நின்றன. அப்படி நிற்க அவர்கள் செய்தது ஒன்றுதான், படித்ததை நேசித்தார்கள்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, திண்ணையில் உட்கார்ந்து, நான்கைந்து இரவுகளில் சொன்னேன். கடைசியில், "ஒரே ஒரு பாட்டை மட்டும் முழுசாப் படிச்சுட்டுப் போ தாயி. கேள்வியில வரும்னு இல்ல, உனக்காக" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை.

தேர்வுக்குத் திருநெல்வேலி போக வேண்டும். விடியற்காலை முதல் பஸ். முந்திய நாள் இரவு தறி நின்ற பிறகு ஒப்பிக்கும் குரல் கேட்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பதினொரு மணிக்கு எதிர்ப்படியிலிருந்து மெதுவாக ஒரு குரல். ஒப்பிக்கிற குரல் அல்ல. நிறுத்தி நிறுத்தி, சில இடங்களில் திரும்பிப் போய், மறுபடி வாசிக்கிற குரல்.

விடியற்காலையில் தகப்பனாரோடு பஸ்ஸுக்குப் போகும்போது எங்கள் வாசலில் நின்றாள்.

"ஷெல்லியோட வானம்பாடிப் பாட்டு மாமா. இருபத்தொரு செய்யுளையும் படிச்சிட்டேன். நல்லா இருந்துச்சு. ஆனா இப்ப அது வந்த வருசம் மறந்துபோச்சு."

"1820" என்றேன். "வருசத்தையும் ஞாபகம் வச்சுக்கோ தாயி. வாசல்ல நிக்கிறவன் அதைத்தான் கேப்பான்."

சிரித்துக்கொண்டே போனாள்.